அரிட்டாபட்டி: கோட்டுக்கு வெளியே உள்ள வாழிடம்

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தை ஒன்றிய அரசு 2025 ஜனவரி 23 அன்று ரத்து செய்தது. ஊர்மக்களின் போராட்டம் வென்றது. ஆயினும், ரத்துக்கு முன் சுரங்க அமைச்சகம் முன்வைத்த ஒரு தீர்வை ஆய்வுலகம் மறந்துவிடலாகாது.

ஏலத்துக்கு உட்பட்ட பரப்பு ஏறத்தாழ 2,015 ஹெக்டேர். அதில், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதி சுமார் 193 ஹெக்டேர். பத்தில் ஒரு பங்கு. அப்பங்கை மட்டும் விலக்கி எல்லையை மாற்றியமைக்க இயலுமா என ஆராயுமாறு, 2024 டிசம்பர் 24 அன்று இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தை அமைச்சகம் கேட்டுக்கொண்டது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கணக்கு, உயிரியல் நோக்கில் பிழையானது.

அரிட்டாபட்டியில் சுமார் 250 பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் லகடு வல்லூறு, செம்மார்பு வல்லூறு, ராசாளிப் பருந்து ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் அடங்கும். பாறை முகடு இவற்றுக்குக் கூடும் இருக்கையும் தரும், இரை தராது. இரை கிடைப்பது சுற்றியுள்ள வயல்களிலும் கண்மாய்களிலும் புதர்க்காடுகளிலும்தான். ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் ஓர் இணை ராசாளிப் பருந்தின் வாழ்பரப்பு பல பத்துச் சதுர கிலோமீட்டராக அளவிடப்பட்டிருக்கிறது. 193 ஹெக்டேர் என்பது இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. தேவாங்கின் நிலையும் இதுவே. அது தாவாது, கிளைவிட்டுக் கிளை பற்றியே நகரும். தோப்புகளும் வேலிமரங்களும் அறுபட்டால் அதன் வழியும் அறுபடும். ஏழு குன்றுகளில் விழும் மழை 72 ஏரி குளங்களுக்கும் 200 சுனைகளுக்கும் ஆதாரம் என்கிறது தமிழ்நாடு அரசின் குறிப்பு. இந்நீரோட்டம் நில அளவைக் கோட்டில் நின்றுவிடுமா?

டங்ஸ்டன் தேவையற்றது என நான் வாதிடவில்லை. வெட்டுக்கருவி முதல் பாதுகாப்புத் தளவாடம் வரை அதன் பயன் பெரிது. உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிடம் இருப்பதால் எழும் கவலையும் பொய்யன்று. என் வினா வரிசைமுறை பற்றியது. முதலில் கனிமம் மதிப்பிடப்படுகிறது, பிறகு ஏலம், வாழிடம் பற்றிய முறையான ஆய்வு அதற்கும் பின்னரே. கேரளத்திலும் இதே வரிசைதான். 2024 நவம்பர் 28 அன்று ஏலத்துக்கு அறிவிக்கப்பட்ட 13 கடல் கனிமத் தொகுதிகளில் மூன்று, கொல்லம் கடற்பரப்பின் கட்டுமான மணல் தொகுதிகள். அங்கும் மீன்வளம் குறித்த கேள்வியை ஏல அறிவிப்புக்குப் பிறகு மீனவரே எழுப்ப வேண்டியிருந்தது. இப்போது அந்தக் குரலுக்கான இடமும் குறுகிவிட்டது: முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் விலக்களித்தது. டங்ஸ்டனும் அவ்வகையைச் சேர்ந்ததே.

அரிட்டாபட்டியின் 193 ஹெக்டேருக்காக வாதிட ஓர் அரசாணை இருந்தது. எஞ்சிய 1,800 ஹெக்டேருக்கு அப்படி எதுவும் இல்லை. அங்கு உயிர்கள் இல்லாததால் அன்று; முறையான பதிவு இல்லாததால். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழுவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் கோருகிறது. அது வெறும் பெயர்ப்பட்டியலாக நின்றால் பயனில்லை. எந்தக் கண்மாயில் எந்தப் பருவத்தில் எது இரை தேடுகிறது, எது எந்த வழியே நகர்கிறது என்பவை அதில் ஏற வேண்டும். ஏல அறிவிப்புக்கு முன் அப்பதிவேட்டைப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

முதலாவது கோரிக்கை ஆய்வு மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும், இரண்டாவது அரசுக்கு. முதலாவதற்கு எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கண்மாயிலிருந்தே தொடங்கலாம்.