தீர்த்தக்கரையில் ஒரு கயிறு

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வைகையும் மானாமதுரை, திருப்புவனம் வழியாக ஒதுங்கிச் சென்றுவிடுகிறது. ஆகவே முன்னோர் ஊர்தோறும் ஊருணி வெட்டினர். ஓட்டுக் கூரையில் விழுந்த மழைநீரும் வீதியில் ஓடிய நீரும் அங்கே சென்று சேரும்படி வாட்டம் பார்த்தே மனைகளை அமைத்தனர். பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி என நகரக் கோயில்களை நாடிச் செல்வோரைத் திருக்குளமே முதலில் வரவேற்கும்.

அக்காலப் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு ஊருணியிலும் கண்மாயிலும் நீச்சல் பழகினர். இன்று திருவிழாவுக்காகச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகளுள் பலருக்கு நீந்தத் தெரியாது. தெரிந்தவரும் அடித்தரை தெளிவாகத் தெரியும் நீச்சல் குளத்தில் பழகியவர்களே. திருக்குளத்தின் இயல்பு வேறு. படியில் பாசி, அடியில் சேறு. சில குளங்களின் நடுவே கிணறும் உண்டு. தூர்வாரிய பிறகு, நேற்றுவரை இடுப்பளவு நீர் நின்ற இடத்தில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம். “இந்தக் குளம் எனக்குத் தெரியாதா?” என்று மூத்தோர் சொல்வது அவர்கள் இளமையில் கண்ட குளத்தைப் பற்றியே.

2023 ஏப்ரல் 5 அன்று சென்னை நங்கநல்லூரை அடுத்த மூவரசம்பட்டில், பங்குனி உற்சவத் தீர்த்தவாரியின்போது ஐந்து இளைஞர்கள் திருக்குளத்தில் மூழ்கி மாண்டனர். வந்த இடத்தில் விளையாட்டாகக் குளத்தில் இறங்கியவர்கள் அல்லர். இறைபணிக்காக நீரில் நின்றவர்கள். ஆழத்தில் சிக்கியவரைக் காக்க முயன்றபோதே மற்றவரும் மூழ்கினர் என்று அன்றைய செய்திகள் கூறின. நீரில் நேரும் மரணங்களில் இந்த இரண்டாம் துயரம் அடிக்கடி காணப்படுவது. மூழ்குபவர் கைக்கு எட்டியதைப் பற்றி மேலேற முயல்வார். எட்டுவது காக்க வந்தவரின் கழுத்தானால், இருவருமே அமிழ்வர்.

மூழ்குபவர் கையை ஆட்டிக் கூவி அழைப்பார் என்பது திரைப்படங்கள் தந்த எண்ணம். உண்மையில் பெரும்பாலும் ஓசையே எழாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். தலை பின்னால் சாயும். கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும். மூச்சுக்கே இடமில்லாதபோது கூக்குரல் எங்கிருந்து வரும்? கரையில் இருப்போர் அதை விளையாட்டென்றே கருதிவிடுவர்.

அத்தகைய வேளையில் நீரில் குதிப்பது கடைசி வழி. முதலில் உரக்கக் குரல் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டும். அருகில் இருப்பவரானால், படியில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பையோ வேட்டியையோ நீட்டலாம். தொலைவிலானால் கயிறு வீசலாம். மூடியிட்ட வெற்றுக் குடமோ கேனோ எறிந்தாலும் அதைப் பற்றி மிதப்பார். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கியபோது, துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் நாணம் பாராது தம் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரைக் கரைசேர்த்தனர். மற்ற இருவரைக் காக்க இயலவில்லை. அம்மூவருக்கும் அவ்வாண்டு சுதந்திர தினத்தன்று தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அப்பரடிகளுக்குக் கல்லே தெப்பமாயிற்று. அது திருவருள் அவர்பொருட்டு நிகழ்த்தியது. கொட்டரையில் சேலை தெப்பமாயிற்று. அதுவும் அருளன்றி வேறென்ன?

கரையேற்றியவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் பழைய வழக்கங்கள். அவற்றால் பயனில்லை, பொன்னான நிமிடங்கள் வீணாவதோடு, வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக்குழலையும் அடைக்கும். மூச்சில்லையெனில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊத வேண்டும். பின்னர் நடு மார்பில் 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என உதவி வரும்வரை தொடர வேண்டும். இடையே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். கண் விழித்து எழுந்தவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை. மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

மூத்தோர் தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்வோர் வெறும் வயிற்றோடு விடியலில் குளிர்நீரில் முழுகி எழுந்தால் தலை சுற்றக்கூடும். பாசிப் படியில் அது போதும், வழுக்கிவிட. தலையில் நீரைத் தெளித்துக்கொள்வதையும் சாத்திரம் ஏற்கிறது. வலிப்பு நோய் உள்ளவர் துணையின்றி இறங்கவே கூடாது.

மாசி மகத்தன்று திருக்கோட்டியூர் தெப்பக்குளக் கரையில் விளக்கேற்ற எத்தனை குடும்பங்கள் திரள்கின்றன! அத்தகைய நாள்களுக்கு முன்பாகவே கோயில் காரியக்காரர்களிடம் மூத்தோர் ஒரு சொல் சொல்லலாம். படித்துறை ஒவ்வொன்றிலும் முனையில் மிதவை கட்டிய நீண்ட கயிறு தொங்க வேண்டும். ஆழம் தொடங்கும் இடத்தில் கயிறு கட்டி எல்லை காட்ட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் தீயணைப்பு மீட்புப் பணியினர் வெற்றுக் குடம், வாழைத்தண்டு முதலியவற்றைக் கொண்டு மீட்பு முறைகளைச் செய்து காட்டுவதுண்டு. காரைக்குடி நிலையத்தில் கேட்டால், அதையே ஊர்ப் படித்துறையில், பேரப்பிள்ளைகள் விடுமுறையில் வந்திருக்கும் நாளில் வைத்துக்கொள்ள முடியுமா என்று தெரிந்துவிடும்.