கமரா வந்துவிட்டது, கைநூல் எங்கே?

கடந்த மாதம் தலவாக்கலை நகரத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தபோது, அயல் தோட்டத்து இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தோளில் புத்தம் புதிய டிஜிட்டல் கமரா. வெளிநாட்டில் பணிபுரியும் அவருடைய அக்கா அனுப்பியது. மழைக்குப் பின்னர் தமது லயத்துச் சுவரில் தோன்றிய வெடிப்பை மூன்று மாதங்களாக வாரம் ஒருமுறை படமெடுத்து வந்திருக்கிறார். வெடிப்பு அகன்று வருகிறது என்பதைக் காட்டி, அங்குள்ள குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்றும்படி கேட்பது அவரது நோக்கம்.

சுவர் வெடிப்பு மண்சரிவின் முன்னறிகுறிகளில் ஒன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மலையகம் மறக்கவில்லை. இளைஞரின் அச்சம் வீண் அச்சமல்ல.

படங்களை ஓர் அலுவலகத்தில் காட்டியிருக்கிறார். அங்கிருந்தவர் கேட்டது ஒரேயொரு கேள்வி: "தம்பி, இவை எப்போது எடுத்தவை?"

கமராவில் பதிவாகியிருந்த திகதிகள் யாவும் பல ஆண்டுகளுக்கு முந்தியவை. கடிகாரத்தை எவரும் சரிசெய்யவில்லை. அது தொழிற்சாலையில் வைத்த திகதியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. போதாததற்கு, ஒவ்வொரு படமும் ஒவ்வொரு தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. வெடிப்பு அகன்றதா, கமரா நெருங்கியதா என்று எவராலும் சொல்ல முடியாது. மூன்று மாத உழைப்பு வீணாயிற்று.

"பெட்டிக்குள்ள கைநூல் இருக்கலியா தம்பி?" என்று கேட்டேன்.

"இருந்திச்சு ஐயா. நாலஞ்சு பாஷையில இருந்திச்சு. தமிழ்ல இல்ல."

இந்தப் பதிலில் வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர். நாம்.

முதலில் கமரா விற்பவர்கள். பின்லாந்தின் சனத்தொகை ஏறத்தாழ 55 இலட்சம். பெரிய ஜப்பானிய நிறுவனங்கள் அம்மக்களுக்குப் பின்னிஷ் மொழியில் கைநூல் தருகின்றன. உலகெங்கும் தமிழ் பேசுவோர் ஏழு கோடிக்கும் அதிகம். நமது பெட்டிக்குள் தமிழ் இல்லை. இலங்கையில் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று 13 ஆம் திருத்தம் 1987 இல் எழுதி வைத்தது. அந்த எழுத்து கடை மேசைவரை இன்னும் வந்து சேரவில்லை. பின்லாந்துக்காரர் கேட்கிறார், கொடுக்கிறார்கள். நாம் கேட்டோமா? இறக்குமதி செய்பவரிடம் ஒரு கடிதமாவது எழுதினோமா?

அடுத்து வருபவர்கள் உபதேசிகள். "இக்காலத்தில் கைநூல் எதற்கு? ஓட்டோவில் வைத்து அமுக்கு, எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். இவர்கள் ஒருநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் மலைக்கு வந்து, கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரைப் பனிமூட்டத்தின் பின்னணியில் ஓட்டோவில் படமெடுத்துப் பார்க்கட்டும். கமராவின் ஒளிமானி, தன் முன் உள்ள காட்சி வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறமுடையது என்று எடுத்துக்கொண்டே கணக்கிடுகிறது. எங்கும் வெண்பனி நிறைந்திருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று முடிவுகட்டி ஒளியைக் குறைக்கும். பனி அழுக்குச் சாம்பலாகும். அந்தப் பெண்ணின் முகம் கரிக்கட்டையாகும். பின்னர் "நம்ம ஆளுங்க கறுப்பு, படத்துல விழ மாட்டாங்க" என்று நாமே சொல்லிக்கொள்வோம்.

குற்றம் தோலினுடையதன்று. கருவிகளும் சில மனிதரை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. படச்சுருள் காலத்தில் கொடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு வழங்கிய நிறமாதிரி அட்டையில் நெடுங்காலம் இருந்தவர் வெள்ளைத்தோல் பெண்மணி. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கொள்ளப்பட்டது. இன்றைய கமராக்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. எனினும் எமது பனியில், எமது முகத்துக்கு எந்த பட்டனைத் திருப்ப வேண்டும் என்பதை எமக்கு எவரும் எழுதித் தரவில்லை.

மூன்றாவதாக, எம்மைப் போன்ற படித்தவர்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். முப்பதாண்டு காலம் பத்திரிகையில் பணியாற்றினேன். கமராவை ஆங்கில நூல்களிலும் சக புகைப்படக்காரரிடமும் கற்றேன். கற்றதைத் தமிழில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எழுத முனைந்தவர்களுட் சிலரோ கலைச்சொல் ஆக்குவதிலேயே களைத்துப் போனார்கள். பட்டனில் ஆங்கில எழுத்து இருக்க, பாடத்தில் தூய தமிழ்ச் சொல் மட்டும் இருந்தால் கற்பவர் எதைத் திருப்புவார்? எந்தச் சொல் எந்த பட்டன் என்று காட்டுவதல்லவா கைநூலின் வேலை?

இது முடியாத காரியமன்று. 2007 இல் தமிழ் வலைப்பதிவர் சிலர் 'தமிழில் புகைப்படக்கலை' என்ற பெயரில் இணையத்தில் பாடங்கள் எழுதத் தொடங்கினார்கள். மாதந்தோறும் போட்டியும் வைத்தார்கள். சம்பளம் வாங்காமல், ஓய்வு நேரத்தில் செய்த பணி அது. அவர்களால் முடிந்தது, இத்தனை பட்டதாரிகள் உள்ள மலையகத்தால் ஏன் முடியாது?

இந்த மலைகளுக்குக் கமரா புதிதன்று. புகைப்படக்கலை வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879 இல் டிக்கோயாவில் காலமாகி, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். 1863 இல், தமது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டு கற்கத் தொடங்கியவர் அவர். கற்க வயது தடையல்ல என்பதற்கு அவரே சான்று. ஆனால் இலங்கையில் அவர் எடுத்த படங்களில் உள்ளவர் பலருக்குப் பெயரில்லை. அன்று தொடங்கிய வழக்கம் அஞ்சலட்டைகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் தொடர்கிறது. கூடை இருக்கும், சிரிப்பு இருக்கும், பெயர் இராது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் எம்மவர் பலர் கமராவின் முன் நின்றது கடவுச்சீட்டுக்காக, ஊரைவிட்டுப் போவதற்காக. கமராவின் முன்னால் நின்றே பழகிய சமூகம் இது. அதன் பின்னால் நிற்க இப்போதுதான் கை நீள்கிறது. அந்தக் கைக்கு ஒரு கைநூல் இல்லை.

ஆகவே முதற்பக்கத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கமராவை எடுத்ததும் திகதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். சான்றுக்காக எடுக்கும் படத்தை எப்போதும் ஒரே இடத்தில் நின்று, ஜூமை மாற்றாமல் எடுங்கள். வெடிப்பின் அருகே ஓர் அடிமட்டத்தை வைத்து, முழுச் சுவரும் தெரிய ஒரு படம், நெருங்கி ஒரு படம் என இரண்டாக எடுங்கள். அசல் படத்தைத் திருத்தாமலும் அழிக்காமலும் வேறோர் இடத்திலும் பிரதி வையுங்கள். பனியிலோ வெளிறிய வானத்தின் முன்னோ முகத்தை எடுக்கும்போது, கூட்டல் கழித்தல் அடையாளமுள்ள பட்டனைக் கூட்டல் பக்கம் ஒன்றுவரை நகர்த்திப் பாருங்கள். மழைக் குளிரிலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் வரும்போது கமராவை உடனே வெளியே எடுக்காதீர்கள். பையைக் கட்டியபடியே சற்று நேரம் வைத்திருந்தால் லென்ஸில் நீர் படியாது. ஈரம் நின்றால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். ஒருவரைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மிகுதிப் பக்கங்களைத் தெரிந்தவர்கள் எழுதட்டும். அச்சிட்டு ஒவ்வொரு தோட்டத்து வாசிகசாலையிலும் வைப்போம். பத்துப் பக்கம் போதும்.

அந்த இளைஞருடைய கமராவில் அன்றே திகதியைச் சரிசெய்து கொடுத்தேன். மறுநாள் அடிமட்டத்துடன் முதற்படத்தை எடுத்திருக்கிறார். மூன்று மாதக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதற்குள் அடுத்த மழையும் வந்துவிடும்.