பேயினும் கொடிது

பேய் பிசாசுகளைக் காட்டிப் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் கணினி விளையாட்டுகளை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று முழங்குவோர் நம்மிடையே உளர். அவற்றுள் ஒன்றையேனும் ஆடிப் பார்த்தபின்தான் இத்தீர்ப்பை வழங்கினரா என்று கேட்கின்றோம்.

'அண்டர்டேல்' என்பதை எடுத்துக்கொள்வோம். பொதுமக்கள் 2013இல் அளித்த பொருளுதவியைக் கொண்டு, டோபி ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் கதையும் இசையும் தாமே இயற்றி 2015இல் வெளியிட்ட விளையாட்டு அது. சிறு சதுரப் புள்ளிகளாலான எளிய படங்கள். பூதங்கள் வாழும் பாதாளத்தில் வீழ்ந்த ஒரு குழந்தையின் கதை. வேடிக்கை பேசும் எலும்புக்கூடுகள், கண்ணீர் சிந்தும் பேய், சிரித்தே ஏய்க்கும் பூ என அழகும் அச்சமும் அங்கு ஒருங்கே உறைகின்றன.

அதன் சிறப்பு யாதெனில், எவ்வுயிரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். கொன்றாலோ, ஏறிவந்த எண் வீரத்தின் அளவன்று, கொலையின் அளவே என்று இறுதியில் இடித்துரைக்கப்படுகின்றது. தாய்போல் காத்த பூதத்தைக் கொன்றபின் வருந்தி, ஆட்டத்தைப் பின்னுக்குத் திருப்பி அவளை உயிரோடு விட்டாலும், அப்பூ முன்செய்த கொலையைச் சொல்லி எள்ளுகின்றது. கணக்கேட்டின் தாளைக் கிழித்தெறிந்தால் கடன் தீர்ந்துவிடுமா?

பகைவரைக் கொன்று குவிப்பதே வெற்றியென்னும் கதைகளுக்குக் கைதட்டுவோர், கொல்லாமையைக் கற்பிப்பதைப் பேயென்று தூற்றுவது என்ன நியாயம்? பெற்றோர்களே! படத்தைக் கண்டு வெருளாதீர். பிள்ளையின் அருகமர்ந்து ஒருமுறை பாருங்கள். அறியாது கூறும் தீர்ப்பு பேயினும் கொடிது.