ஈப்போ – தாவாவ்: வானில் மூன்று மணி, வாசலுக்கு வாசல் பத்து மணி

தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இணையப் பக்கங்களில் ஈப்போ, தாவாவ் என்று தட்டிப் பாருங்கள். சுமார் 1,890 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம் என்று பதில் வரும். கணக்கில் தவறில்லை. இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அகலக்கோட்டில் இருப்பதால் விமானம் நேர் கிழக்கே பறந்தால் போதும். ஆனால், அப்படி ஒரு நேரடி விமானச் சேவைதான் இல்லை.

சபாவில் பணியமர்த்தப்பட்டுள்ள பேராக் ஆசிரியர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தாவாவ் நகரிலிருந்து விமான நிலையம் சுமார் 30 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கோலாலம்பூர் வரை பறக்க மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. இறங்கி, பெட்டியை எடுத்து, பேருந்துக்குக் காத்திருந்து ஈப்போ போக இன்னும் நான்கு மணி. ஆக மொத்தம் பத்து மணி நேரம். பறந்த நேரம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தீபாவளிக்கு என்றால் முன்கூட்டியே திட்டமிடலாம். சாவுக்கு என்ன செய்வது? நம் வீடுகளில் பெரும்பாலும் மறுநாளே அடக்கமோ தகனமோ முடிந்துவிடும். காலையில் செய்தி கேட்டு, அன்றைய விமானத்தில் இடம் கிடைக்காத மகன், அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நேரடிச் சேவை வேண்டும் என்று கேட்பது எளிது. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 180 இருக்கைகள். இந்த இரண்டு ஊர்களுக்கிடையே அதை நிரப்ப ஆள் வேண்டுமே! எழுபது பேர் ஏறும் சிறிய ஏடிஆர் ரக விமானம் முழுப் பயணிகளோடு இவ்வளவு தூரம் பறக்காது. ஈப்போ ஓடுபாதையின் நீளமும் சுமார் 2,000 மீட்டர்தான். சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. எந்த நிறுவனமும் முன்வராததில் வியப்பில்லை.

(1982 முதல் நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம். ஆனால் தாவாவில் பொழுது ஈப்போவைவிட ஒரு மணி நேரத்திற்கு மேல் முன்னதாகவே சாய்ந்துவிடும். அங்கே இருட்டில் கிளம்புகிறவரிடம் ஈப்போவிலிருந்து, “இன்னும் வெயில் அடிக்கிறதே, இன்றைக்கே வந்துவிடலாமே?” என்பார்கள்.)

என் பார்வையில், நேரத்தைக் குறைக்க வழி இருப்பது வானில் அல்ல, தரையில்தான். ஈப்போ செல்லும் இடிஎஸ் ரயில் கேஎல் சென்ட்ரலில் நிற்கிறது. விமான நிலையத்துக்கு வருவதில்லை. அரை மணி நேரம் விரைவு ரயிலில் போய், அங்கே மாறி, மேலும் இரண்டரை மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். சபா, சரவாக்கிலிருந்து இரவில் வந்திறங்கும் விமானங்களையும் வடக்கே செல்லும் கடைசி ரயில், பேருந்துகளையும் ஒரே அட்டவணையில் பொருத்த ஓடுபாதையை நீட்ட வேண்டியதில்லை. போக்குவரத்து அமைச்சு நினைத்தால், அடுத்த தீபாவளிக்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம்.