நெருப்புக்குப் பனிக்கட்டித் தீனி

கடல்நீர் உள்ளவரை உலகில் மின்சாரத்துக்குப் பஞ்சம் வராது என்று கரு இணைவைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி சொல்வதுண்டு. கேட்க இனிக்கும் பேச்சுத்தான். ஆனால் அது பாதி உண்மை என்பதே என் கருத்து. வீட்டில் அரிசி இருப்பது வேறு, அதைச் சோறாக்கி உரிய நேரத்தில் ஊட்டுவது வேறு.

உயர்தர வகுப்பில் நாம் கற்கும் சமன்பாடு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. தியூத்தேரியமும் திரித்தியமும் இணைய, ஈலியமும் நியூத்திரனும் தோன்றிச் சக்தி வெளிப்படும். அந்த எரிபொருள் உலைக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று அந்த வரி சொல்வதில்லை.

தென் பிரான்சில் கதராஷ் என்னுமிடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் சீனா, இந்தியா, ஜப்பான், தென் கொரியா, ரஷ்யா, ஐக்கிய அமெரிக்கா ஆகியன சேர்ந்து ஐட்டர் என்னும் உலையைக் கட்டி வருகின்றன. அதனுள் பிளாஸ்மா 150 மில்லியன் பாகை செல்சியஸ் வெப்பநிலையை அடைய வேண்டும். அதற்குள் ஐதரசனை வாயுவாக ஊதினால் அது விளிம்பிலேயே அயனாகிவிடும், நடுப்பகுதியை எட்டாது.

ஆகவே எரிபொருளை உறைய வைக்கிறார்கள். ஐதரசன் பூச்சியத்துக்குக் கீழ் 259 பாகையளவில் உறைகிறது. சில மில்லிமீற்றர் அளவான அந்தத் துண்டுகளைச் செக்கனுக்குச் சில நூறு மீற்றர் வேகத்தில் குழாய்வழியே உள்ளே சுடுகிறார்கள். காந்தப்புலம் வலுவாக இருக்கும் உட்புறத்திலிருந்து செலுத்தினால் எரிபொருள் நடுவை நோக்கி நகரும் என்பதை ஜேர்மனியின் கார்ஷிங் நகரிலுள்ள உலையில் 1990களில் கண்டறிந்தனர். ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போக வளைந்த குழாய் வேண்டும். வேகம் கூடினால் துண்டு வளைவில் நொறுங்கும். குறைந்தால் ஆழம் போகாது. ஐக்கிய அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் பல தசாப்தங்களாக இந்தப் பொறியில் உழைத்து வருகிறது.

இத்தனை பாடுபட்டுச் செலுத்தினாலும் மிகச் சிறு பங்கே எரிகிறது. மீதியை வெளியே இழுத்து, சுத்திகரித்து, மறுபடி உறைய வைக்க வேண்டும். திரித்தியமோ கடலில் அள்ளும் பொருளன்று. இயற்கையில் அது மிக அரிது. ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். இலிதியத்திலிருந்துதான் அதை ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இப்படிச் சொல்வது நம்பிக்கையைக் குலைக்கும் என்று சிலர் கருதலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்தின் ஜெற் உலை 2023 இல் 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் சக்தியைப் பெற்றது. நம்பிக்கைக்கு இடமுண்டு. ஆனால் எரிபொருள் இருந்தால் மட்டும் போதும் என்று நம்புவது ஆபத்து. 2022 இல் உலகில் எண்ணெய் வற்றிப்போகவில்லை. எம் நாட்டுக்குத்தான் வந்து சேரவில்லை. வரிசையில் நின்ற எமக்கு அதை எவரும் விளக்கத் தேவையில்லை.

எனவே, அன்புச் சகோதரிகளே, சமன்பாட்டை மனனம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். எமது பாடநூல்களும் சூரியனைப் போன்ற வெப்பத்தை வியந்து எழுதும் பக்கத்தில், அந்த வெப்பத்துக்கு ஊட்டப்படும் பனித்துண்டுக்கு ஒரு பந்தியாவது ஒதுக்க வேண்டும். பொறியியல் பயில விரும்பும் மாணவிக்கு, தீராத வேலை எங்கே காத்திருக்கிறது என்பதை அந்தப் பந்தி காட்டிக்கொடுக்கும்.