பேர்ல & இருந்தா குத்தமா?

குந்தா, மஞ்சூர், குன்னூர்... எங்க போனாலும் கடை போர்டுல '& சன்ஸ்', '& கோ', '& பிரதர்ஸ்' இல்லாம இருக்காது. தேயிலை ஃபேக்டரி கணக்குலயும் இதே பேருங்கதான். இந்த ஒத்த & போதும், எக்ஸ்.எம்.எல். ஃபைல் மொத்தமா படுத்துக்கும்.

எக்ஸ்.எம்.எல்.லைப் பொறுத்தவரை &-ன்னா 'பின்னாடி ஒரு குறியீடு வருது'ன்னு அர்த்தம். < வந்தா டேக் ஆரம்பம். அதனால பேருக்குள்ள இருக்கும்போது &#38;, &#60; என்று மாத்தி எழுதணும். 1998-ல் வந்த எக்ஸ்.எம்.எல். 1.0 இதுல ரொம்பக் கறார். ஒரு இடத்துல தப்புன்னா பார்சர் அங்கேயே நிறுத்திடணும். 400 விவசாயிங்களோட பச்சை இலைப் பணம் ஒரே ஃபைல்ல போகுதுன்னா, ஒருத்தர் பேரால 400 பேர் பணமும் நிக்கும்.

இதுக்கு நம்ம பொட்டி தட்டுற ஆளுங்க சொல்ற வைத்தியம்தான் எனக்குக் கடுப்பு. "& வேணாம் சார், அன்ட்னு போட்டுக்கோங்க." ஏன் போடணும்? பாஸ்புக்குல &, பில் புக்குல &, உங்க சாஃப்ட்வேருக்காக மட்டும் 'அன்ட்'டா? அப்புறம் பேர் பொருந்தலைன்னு பேங்க்குக்கு நடக்கப் போறது அவர்தானே!

ஆப்ஜெக்டை எக்ஸ்.எம்.எல். ஆக்கும்போது டேக், பேர், டேக்னு கையால ஒட்டுறதுதான் வினை. ஜாவாவோ டாட்நெட்டோ, அதுல இருக்கற லைப்ரரிகிட்ட விட்டா அதுவே மாத்திடும். சிலர் முன்ஜாக்கிரதையா(!) டேட்டாபேஸ்லயே மாத்தி வெச்சிருப்பாங்க. லைப்ரரி இன்னொரு தடவை மாத்தும். பில்லுல '&#38; சன்ஸ்'னு அச்சாகும் :-)

லைப்ரரியாலயும் ஆகாத கேஸ் ஒண்ணு உண்டு. டேலி எக்ஸ்போர்ட் பண்ற ஃபைலைத் திறந்து பாருங்க, அங்கங்க &#4; இருக்கும். 32-க்குக் கீழ டேப், ரெண்டு வரி முடிவுக் குறி தவிர எதையும் 1.0 ஏத்துக்காது, எப்படி எழுதினாலும் சரி. படிக்கறதுக்கு முன்னாடி தூக்கிடறதுதான் வழி.

தூக்கறப்போ அதை மட்டும் தூக்குங்க. 'எழுத்து, எண் தவிர எல்லாம் அழி'ன்னு ஒரே வரியில முடிக்கறவங்க இருக்காங்க. யூனிகோடு கணக்குல நம்ம புள்ளியும் கொம்பும் காலும் 'எழுத்து' வகையில வராது. குந்தா 'கநத' ஆயிடும்.