அமர்ந்து தேய்ந்த உடலுக்கு மேலும் ஓர் இருக்கையா?

ஆண்டுதோறும் சூன் 21-ஆம் நாள் விடியலில் ஊர்தோறும் பாய்கள் விரிக்கப்படுகின்றன. அலுவலர் முன்வரிசையில் அமர்கின்றனர். பள்ளிப் பிள்ளைகள் பின்வரிசையில் அமர்த்தப்படுகின்றனர். ஒலிபெருக்கி வடமொழிப் பெயர்களை ஒவ்வொன்றாக முழங்குகின்றது. படம் பிடிப்போர் பிடித்துக்கொண்டு போகின்றனர். பொழுது ஏறியதும் பாய் சுருட்டப்படுகின்றது. அதனோடு உடற்பயிற்சியும் அடுத்த ஆண்டு வரை சுருட்டி வைக்கப்படுகின்றது. ஒன்றிய நாடுகள் மன்றம் 2014 திசம்பர் 11-இல் தீர்மானம் இயற்ற, 2015 முதற் கொண்டாடப்பட்டு வரும் உலக ஓக நாளால் நம் மக்கள் பெற்ற பயன் பெரும்பாலும் இவ்வளவே.

விருதுநகர் மாவட்டத்தில் அதே விடியற்பொழுதில் வேறொரு காட்சியும் உண்டு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிற் சோற்றுத் தூக்கோடு பெண்டிரும் ஆடவரும் பட்டாசாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கின்றனர். பாய் விரித்த திடலுக்கு அவர்கள் வருவதில்லை. வந்தாலும் அங்கு அவர்களுக்குக் கற்பிக்கப்படுவது யாது? அமர்தல்! அவர்தம் வாழ்நாளோ அமர்ந்தே கழிகின்றது. தாளைக் குழாயாகச் சுற்றுபவர் அமர்ந்தே சுற்றுகின்றார். திரி வைப்பவர் அமர்ந்தே வைக்கின்றார். சரம் பின்னுபவர் அமர்ந்தே பின்னுகின்றார். தீப்பெட்டி ஒட்டுபவரும் குச்சி அடுக்குபவரும் அவ்வாறே. கழுத்துக் குனிந்து, முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, விரல்கள் மட்டுமே ஓடும் வேலை அது. அத்தகைய உடலுக்கு ஆண்டில் ஒரு நாள் மேலும் ஓர் இருக்கையைக் காட்டி 'நலம் பெறுக' என்று வாழ்த்துவது, நாளெல்லாம் உப்பளத்தில் நின்று வந்தவனுக்கு உப்புநீரைப் பருகத் தருவதையே ஒக்கும்.

அப்படியாயின் ஓகம் வேண்டாவா? வேண்டும். ஆனால் அது தனித்து நின்று எல்லாம் செய்துவிடும் என்னும் மயக்கம் வேண்டா. ஓட்டமும் சிலம்பமும் சடுகுடுவும் கரலாக்கட்டையும் உடலுக்கு உரமும் விரைவும் தருவன. ஓக இருக்கைகள் வளைவையும் நிலைப்பையும் தருவன. மூச்சுப் பயிற்சி உள்ளத்தை அடக்குவது. இவற்றுள் ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது. உலக நலவாழ்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்த மாந்தர் ஒவ்வொருவரும் கிழமைக்கு 150 முதல் 300 மணித்துளி நடுத்தர உழைப்புள்ள இயக்கமும், இரண்டு நாளேனும் தசைக்கு உரமூட்டும் பயிற்சியும் செய்தல் வேண்டும் என்கின்றது. இருக்கைகளிற் பெரும்பாலானவை மெல்லுழைப்பே. அமர்ந்து செய்யும் நான்கு இருக்கைகளால் நெஞ்சாங்குலைக்கு வேண்டிய உழைப்பு நிரம்பிவிடாது. அதுபோன்றே, கம்பு வீசி வீசித் தோள் இறுகியவனுக்கு அவ்விறுக்கத்தை நெகிழ்த்த வேறொன்று வேண்டும். ஆகவே இணைத்தலே நெறி என்க.

இதைக் கேட்டதும் ஒருசாரார் முகஞ்சுளிப்பர். 'ஓகம் தூயது, பழையது, அதனைப் பிற பயிற்சிகளோடு கலத்தல் அதன் தூய்மையைக் கெடுத்தலாம்' என்பர். இவர்கள் தாம் போற்றும் பொருளின் வரலாற்றையே அறியாதவர்கள். ஓகத்திற்கு முதனூல் என்று அவர்களே காட்டும் பதஞ்சலி நூலில் இருக்கையைப் பற்றிப் பேசும் நூற்பாக்கள் மூன்றே. அவையும் நிலையாகவும் இடரின்றியும் அமர்தலைப் பற்றியனவே. அவ்வாறாயின், இன்று மேடைதோறும் காட்டப்படும் நின்றும் குனிந்தும் தாவியும் தொடர்ந்தும் செய்யும் வரிசைகள் எங்கிருந்து வந்தன? 1920-களில் அவுந்துச் சிற்றரசர் பவான்ராவ் கதிர் வணக்க வரிசையை உடற்பயிற்சியாகப் பரப்பினார். 1928-இல் அதுபற்றி நூலும் எழுதினார். 1930-களில் மைசூர் அரண்மனை சார்ந்த பள்ளியிற் கிருட்டிணமாச்சாரியார் கற்பித்த முறையில் அவ்வரண்மனையின் மற்பயிற்சியும் கழைப்பயிற்சியும் போன்ற உடற்பயிற்சி மரபுகள் கலந்துள்ளமையை மேலை ஆய்வாளர் நார்மன் சியோமன் 1996-இல் நூலாகவே எழுதிக் காட்டினார். அதே காலத்திற் பெங்களூரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய கே. வி. ஐயர், எடைதூக்கும் பயிற்சியையும் ஓக இருக்கைகளையும் ஒரே மாணவனுக்கு ஒருங்கே கற்பித்தார். ஆகவே இன்றைய ஓகமே ஒரு கலவை. கலந்து செய்ததைத் தூயது என்று சொல்லி, மேலும் கலத்தல் தீட்டு என்பது எவ்வகை அறிவு?

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் குடும்பத்திற் பிறந்த வேதாத்திரியார், கை, கால், கண், மூச்சு என ஒவ்வோர் உறுப்புக்கும் எளிய அசைவுகளை அமைத்து, இருக்கையையும் உடல் தேய்த்தலையும் உடல் தளர்த்தலையும் அவற்றோடு சேர்த்து, எளியமுறை உடற்பயிற்சி என ஒன்றாக்கினார். தறிக்குழியில் அமர்ந்து தேய்ந்த குலத்தில் வந்தவருக்கு, உழைப்பவன் உடல் எதை வேண்டுகின்றது என்பது தெரிந்திருந்தது. அவர்தம் மெய்ப்பொருட் கொள்கையை ஏற்பார் ஏற்க, மறுப்பார் மறுக்க. உடற்பயிற்சியை உழைப்பாளியின் அளவுக்கு வெட்டித் தைத்த அத்திறம் போற்றத்தக்கது.

மற்றொருசாரார் நம்முள்ளேயே இருக்கின்றனர். 'ஓகம் ஆரியர் சரக்கு; தமிழனுக்குச் சிலம்பம் ஒன்றே போதும்' என்று மார்தட்டுவோர் அவர். இனப்பற்று மெச்சத்தக்கதே, ஆனால் அறியாமை பற்றாகிவிடாது. திருமூலரின் திருமந்திரத்துள் மூன்றாந் தந்திரம் முழுவதும் ஓகத்தைப் பற்றியதே. அதில் இருக்கைகளும் உண்டு. மூச்சின் அளவும் உண்டு. உடம்பை இழிந்ததென வெறுத்தொதுக்காமற் பேணி வளர்த்தலை ஒரு நெறியாகவே வைத்த தமிழ் நூல் அது. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் இத்துறையைத் தீண்டாமல் விட்டாரா? ஓகத் துயிலைப் பற்றி 1922-இல் நூலெழுதி, அதற்கு 'அறிதுயில்' என்னும் பழந்தமிழ்ச் சொல்லைச் சூட்டியவர் அவரே. மக்கள் நூறாண்டு வாழும் வழியை ஆராய்ந்து தனிநூல் செய்தவரும் அவரே. அத்தலைவரின் வழிவந்தோர், தம் வீட்டுப் பொருளை அயலான் பெட்டியிற் கண்டதற்காக 'அஃது எமதன்று' என்று கைகழுவுவது அவனுக்கே உறுதிப்பட்டயம் எழுதிக் கொடுப்பதாகும்.

இனி, அரசின் தட்டு எப்பக்கம் சாய்கின்றது என்பதையும் காண்க. 2020 திசம்பரில் ஒன்றிய அரசு ஓக இருக்கையைப் போட்டி விளையாட்டாக ஏற்றது. 2024 சனவரியில் நம் தமிழ்நாட்டிலேயே, சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களிற் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் நடந்தபோது, ஓகத்திற்குப் பதக்கம். சிலம்பத்திற்கோ வெறும் காட்சியிடம்! தன் பிறந்த மண்ணிலேயே சிலம்பம் விருந்தாளியாக வந்து வணங்கிச் சென்றது. இவ்வாறு பிரித்து வைத்து ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துவோர்க்குச் சரியான விடை, இரண்டையும் ஒரே களத்தில் நிறுத்திக் காட்டுவதே.

'நாள் முழுதும் உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு? அவன் உழைப்பே பயிற்சி' என்பார் இன்னும் சிலர். பட்டாசு சுற்றும் கையைப் பார்த்தபின் இவ்வாறு சொல்ல நா எழாது. ஒரே தசையை ஒரே வகையில் ஓராயிரம் முறை இயக்குவது தேய்மானம். எல்லாத் தசைகளையும் அளவோடு இயக்கி ஓய்வு கொடுப்பதே பயிற்சி. செக்கு மாடு நாளெல்லாம் நடக்கின்றது. அதனால் அதனை ஊர்வலம் வந்ததென்று சொல்வதுண்டா? மேலும், தீப்பொறி ஒன்று பறந்தால் நொடிப்பொழுதில் எழுந்து வாயிலைத் தாண்ட வேண்டிய இடம் அது. மடங்கி மரத்துப்போன கால் அந்நொடியில் எழுமா? எழுந்து ஓடும் திறமும் கற்பிக்கப்பட வேண்டிய திறமே. அமரக் கற்பிக்கும் பயிற்சி ஒன்றே அதைத் தந்துவிடாது.

இதனைத் தமக்கு ஏற்ற வாய்ப்பாக்கிக்கொள்ளும் முதலாளிமாரும் இருக்கக்கூடும். 'காலையிற் பத்து மணித்துளி மூச்சுப் பயிற்சி தந்தோம். எம் கடன் முடிந்தது' என்று அவர் சொல்லின், அதனை ஏற்கலாகாது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைக் குடித்த தீ, எந்தப் பயிற்சியாலும் தடுக்கப்பட்டிராது. காப்பு விதிகளைக் கடைப்பிடித்தலும், ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆளையும் மருந்தையும் வையாமையும், உரிய ஓய்வும் கூலியும் தருதலும் முதற் கடன். பயிற்சி அவற்றின் பின் வருவது. அன்றியும், கந்தகமும் கரித்தூளும் அலுமினியத் தூளும் மிதக்கும் காற்றில் மூச்சை ஆழ இழுக்கச் சொல்வது நலவாழ்வன்று. நஞ்சை அளந்து ஊட்டுவதே. மூச்சுப் பயிற்சி செய்யுமிடம் ஆலையன்று. ஊர்த் திடலும் கண்மாய்க் கரையுமே.

அடுத்தது பெயர். இதே விருதுநகரில் ஒரு பெயருக்காக ஒரு முதியவர் உயிரையே கொடுத்தார். தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி 1956 சூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், அக்டோபர் 13-இல் மாய்ந்தார். 1969 சனவரி 14-இல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்பவர் அவர் கல்லறை முன் நின்று கேட்கட்டும். அம்மண்ணின் மக்களுக்குப் 'புசங்காசனம்', 'தனுராசனம்', 'அலாசனம்' என்று வாய்க்குள் நுழையாப் பெயர்களைச் சொன்னால், ஆசிரியர் செய்து காட்டும் வரை அவர்கள் விழித்தே நிற்பர். பாம்பிருக்கை என்க, நெஞ்சை நிமிர்த்துவர். வில்லிருக்கை என்க, முதுகை வளைப்பர். ஏரிருக்கை என்க, ஏர்பிடித்த குடியிற் பிறந்தவனுக்கு அதன் வடிவத்தை விளக்கவும் வேண்டுமோ? மரநிலை, வெட்டுக்கிளி இருக்கை, அறிதுயில் என எல்லாம் தமிழில் உள. தமிழில் ஏவல் தந்தால் உடல் உடனே கேட்கும். இது மொழிப்பற்று மட்டுமன்று; கற்பிக்கும் முறையுமாம்.

செய்யத்தக்கது இது. கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு முக்கால் மணி போதும். முதலிற் பத்து மணித்துளி விரைநடையும் மெல்லோட்டமும். அடுத்து இருபது மணித்துளி சிலம்பக் காலடியும் கம்பு வீச்சும், அல்லது சடுகுடு, அல்லது கரலாக்கட்டை. இவ்விரண்டால் மட்டுமே கிழமைக்கு 150 மணித்துளி நிறைந்துவிடும். உடலின் வெம்மை தணியுமுன் பத்து மணித்துளி ஓகம். இறுதி ஐந்து மணித்துளி அமைந்த மூச்சும் அறிதுயிலும். இவ்வரிசை காரணம் பற்றியது. ஒரு தசையை நெடுநேரம் இழுத்து நிறுத்தியவுடன் அதன் விசை சற்றுக் குறையும்; ஆதலால் நீண்ட இருக்கைகள் வீச்சுக்கும் ஓட்டத்திற்கும் பின்னரே வருதல் வேண்டும். நாளெல்லாம் குனிந்திருப்போர்க்கு மேலும் குனியும் இருக்கைகள் வேண்டா. பாம்பிருக்கை, வெட்டுக்கிளி இருக்கை, மரநிலை போன்று நிமிர்த்துவனவும் நிறுத்துவனவுமே முதலில் வேண்டும். உயர் குருதியழுத்தமும் கண்ணழுத்த நோயும் உடையார் தலைகீழ் நிலைகளை விலக்குக. மூச்சிளைப்பு உடையார் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக.

பள்ளிகளுக்கும் ஒரு சொல். மேனிலைத் தேர்வுத் தேர்ச்சியிற் பல்லாண்டு முதலிடம் பெற்ற மாவட்டம் விருதுநகர். அப்புகழ் நிலைக்க என்று விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரைவார்க்கும் பள்ளிகள், பிள்ளையையும் தாயைப் போல நாளெல்லாம் குனிந்தே அமரப் பழக்குகின்றன. தாய் ஆலையில் அமர்கின்றாள். மகன் வகுப்பில் அமர்கின்றான். மாலையில் இருவரும் நோவோடு எழுகின்றனர். கொள்ளையடித்த அப்பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள். அதில் ஓக ஆசிரியரும் சிலம்ப ஆசானும் ஒன்றாக நிற்கட்டும். பெற்றோர்க்கு அதே திடலில் விடுமுறை நாளிற் பயிற்சி நடக்கட்டும். பெண்டிர்க்கென்று ஒரு வேளை ஒதுக்கப்படட்டும்.

தமிழ்ப் பற்றுடையோரே! சூன் 21-இல் விரிக்கும் பாயை எள்ளி நகைப்பதோடு நம் பணி முடிந்துவிடாது. நகைத்தவன் மறுநாட் காலையில் தன் ஊர்த் திடலில் நிற்கின்றானா என்பதே வினா. ஒரு கையிற் கம்பும் மறு கையிற் பாயும் கொண்டு சூன் 22-இல் திடலுக்கு வருக. ஆண்டுக்கு ஒரு நாள் அவர்களுடையதாக இருக்கட்டும். எஞ்சிய 364 நாளும் நம்முடையன ஆகுக!